உப்புப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி

விழுப்புரம் ஜங்ஷனில் எங்கள் சமையலறைக்குள் நுழைகிறவர் எந்த லைனில் வந்தவர் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அவர் கையிலிருக்கும் பையைப் பார்த்தால் போதும். முள்ளுக் கத்தரிக்காய் எட்டிப் பார்த்தால் காட்பாடி லைன். சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் என்றால் திருச்சி பக்கம். வாழைப்பூவும் அவரைக்காயும் வந்தால் மாயவரம். சில பைகளில் கீரைக்கட்டுக்கு அடியில் கருவாடு ஒளிந்திருக்கும். கொண்டுவந்தவர் அதை வாய் திறந்து சொல்லமாட்டார், நாம்தான் மோப்பம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரன்னிங் ரூம் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். டிரைவரும் ஃபயர்மேனும் கார்டும் வண்டியை விட்டு இறங்கி, அடுத்த வண்டி ஏறும் வரை சாப்பிட்டுத் தூங்குகிற இடம் இது. அன்றும் அதேதான். ஆனால் இன்று நீங்கள் எல்லோருக்கும் ஒரே சாம்பார் வைத்து ஒரே பொரியல் போடுகிறீர்கள். எண்பதுகளில் நான் கரண்டி பிடித்தபோது அரிசி, பருப்பு, புளி, காய் எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வரும். அவரவருக்குத் தனித்தனியாகச் சமைத்துப் போடுவோம். நிலக்கரி அடுப்பின் மேல் குட்டிக் குட்டி அலுமினியப் பாத்திரங்கள் வரிசையாகக் கொதிக்கும். ஒருத்தர் பாத்திரத்துக் காய் இன்னொருத்தர் தட்டில் தவறி விழுந்துவிட்டால் அன்றைக்கு நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். சாதி, சைவம், அசைவம் என்று அதற்கு நூறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து உண்மையான காரணம் வேறு. வாரத்தில் பாதி நாள் வீட்டை விட்டுத் தூரத்தில் கிடக்கிறவனுக்கு அவன் வீட்டுக் கொல்லையில் காய்த்ததுதான் வீடு. அதில் இன்னொருத்தன் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

நான் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் போய்வந்துகொண்டிருந்தேன். நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்தவன். காயைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. ஆனால் பை கொண்டுவருகிறவர்கள் மகாராஜாக்கள் மாதிரி, "மிச்சத்த எறிஞ்சிடு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். தை, மாசியில் அவரவர் வீட்டில் காய் கொட்டும்போது பைகள் வாய் பிளந்துகொண்டு வரும். ஒரு ஆளுக்கு எதற்கு அவ்வளவு? நான் மிச்சத்தை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, மொட்டை மாடியில் பாயைப் போட்டு வத்தலாகக் காயவைப்பேன். உப்புக்குக் குறைவில்லை. என் மைத்துனன் மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்த்தான், மூட்டையாகவே கொண்டுவந்து போடுவான்.

அதிலும் கலக்கமாட்டேன். காட்பாடிக்காரர் கத்தரி ஒரு பாய், மாயவரத்தார் கொத்தவரை ஒரு பாய். காய்ந்ததும் பொட்டலம் கட்டி, அடுத்த தடவை அவரவர் பையிலேயே போட்டு அனுப்புவேன். கூடவே வேலை பார்த்த காசி, "நீ சமையல்காரனா, வத்தல் வியாபாரியா? ஊரு வத்தலையெல்லாம் காயவச்சிகினு உக்காந்துகிற" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே, மழை தூறினால் எனக்கு முன்னால் மாடிக்கு ஓடிப் பாயைச் சுருட்டுவான்.

வத்தலுக்கு ஆகாத முற்றல் காயும் சில சமயம் வரும். அவரைக்காய் முற்றி நார் பாய்ந்துவிட்டால் கொதிக்கவைத்தும் பயனில்லை. அதை மட்டும் உப்பில் போடாமல் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேல் உத்தரத்தில் தொங்கவிடுவேன். புகை பட்டால் கொட்டையைப் பூச்சி அரிக்காது. யாருக்காக என்றெல்லாம் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்தேன்.

மாயவரத்தார் என்று சொன்னேனே, அவர் பாசஞ்சர் டிரைவர். அவர் பையைத்தான் நான் மற்ற எல்லாப் பைகளையும்விட ஆசையாகத் திறப்பேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவர் மனைவி தனபாக்கியம் போட்ட தோட்டத்துக் காய் அது. கழுவி, காம்பு கிள்ளி, வாழையிலையில் சுற்றி வந்திருக்கும். வேலியில் படர்ந்த அவரை ஒன்று அனுப்புவார்கள். காய் ஊதா விளிம்போடு இருக்கும், உள்ளே கொட்டை கருப்பாக, வெள்ளைக் கண்ணோடு இருக்கும். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக அவர்கள் காய் அனுப்புவார்கள், நான் வத்தல் திருப்பி அனுப்புவேன். எங்களுக்குள் பழக்கம் அந்தப் பை வழியாக மட்டும்தான்.

ஒரு கோடையில் அந்தப் பை இளைத்துப்போனது. வாடிய கடைக் காய் இரண்டு வரும், அதுவும் கழுவாமல். பிறகு வெறும் அரிசிதான் வந்தது. காலையில் வண்டியை விட்டு இறங்குகிற மாயவரத்தார் படுக்காமல் பாண்டி வண்டியைப் பிடித்துப் போவார். சாயங்காலம் முகம் தொங்கத் திரும்பி வந்து, அப்படியே தெற்கே போகிற பாசஞ்சரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். போட்ட சாதம் தட்டில் அப்படியே இருக்கும்.

ஒருநாள் டம்ளரைக் கையில் கொடுத்தேன். பிடிக்க முடியாமல் கீழே விட்டார். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னா சார் ஆச்சு?" என்றேன்.

"வீட்ல பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில கிடக்கறா மாஸ்டர். நெஞ்சு வீக்கா இருக்காம். காலெல்லாம் நீர் கோத்து வீங்கிக் கிடக்கு. அங்க குடுக்கற சாப்பாட்ட தொடமாட்டேங்கறா. நா போயி ஊட்டுனா ரெண்டு வாய் சாப்புடறா."

"நீங்க தூங்கி எத்தினி நாளாச்சு?"

லீவு எல்லாம் தீர்ந்துவிட்டதாம். இந்த டூட்டியில் வந்தால்தான் பாண்டி பக்கம் என்பதால், கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாராம். தூங்காமல் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் மனைவியைப் பார்க்கவே முடியாது என்றார்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நமக்கு எதற்கு வம்பு, நாம் சமையல்காரன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ரயில்வே டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறைதான் இந்த டிரைவர்களைப் பார்க்கிறார், நாம் தினமும் பார்க்கிறோம். சாப்பிட்டாரா, தூங்கினாரா, கை நடுங்குகிறதா என்பதெல்லாம் நமக்குத்தான் முதலில் தெரியும். அவருக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்சார்ஜிடம் போய்ச் சொன்னால் ஜனங்கள் பிழைப்பார்கள், அங்கே அந்த அம்மா பட்டினி கிடப்பார்கள். சொல்லாவிட்டால் அந்த வண்டி எங்கே போய் மோதுமோ.

அவர் பாண்டி வண்டிக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றுவிட்டேன். "நீங்க படுத்துக்கினு தூங்குங்க சார். சாப்பாட்ட நான் எடுத்துக்கினு போறேன். இல்ல, நான்தான் போவேன்னு கெளம்புனீங்கன்னா நேரா இன்சார்ஜுகிட்ட போயி சொல்லிடுவேன். உங்க மூஞ்சிக்கி நேராவே சொல்றேன், பின்னாடி சொன்னான்னு நெனைக்காதீங்க."

முறைத்தார். நான் பயந்தேன், அவர் கையோங்கினாலும் ஓங்குவார் என்று. ஆனால் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, "வார்டு மாடியில இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் தூக்குவாளியைக் கட்டி முடிப்பதற்குள் குறட்டை கேட்டது.

காசியிடம் அடுப்பை ஒப்படைத்தேன். "உன் அம்மியயும் சேத்து நான்தான் இழுக்கணும், வந்து ஒரு வாரத்துக்கு நீ இழு" என்று பேரம் பேசித்தான் விட்டான்.

தூக்குவாளியில் என்ன எடுத்துப் போனேன் தெரியுமா? அந்த அம்மாவின் தோட்டத்துக் கொத்தவரையை மாசியில் வத்தல் போட்டு வைத்திருந்தேன். அதில் குழம்பு. வாய் செத்துக் கிடக்கிறவர்களுக்குத் தன் வீட்டுக் காய் நாக்கில் பட்டால் பசி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வண்டி முழுக்க எனக்கு என் மேலேயே ஒரே பெருமை.

வார்டில் ஜன்னலோரம் படுத்திருந்தார்கள். முகம் உப்பியிருந்தது. யார் என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நீங்கதானா அந்த உப்புக்காரரு!" என்றார்கள். "என்னங்க தம்பி அப்படி அள்ளிக் கொட்டறீங்க? ஒவ்வொரு வாட்டியும் உங்க வத்தல ரெண்டு தண்ணி அலசித்தான் நா போடறது. சொல்லி அனுப்பலாம்னா, இவரு ஒண்ணையும் வந்து சொல்லமாட்டாரே."

வருஷக்கணக்காகக் காத்திருந்து சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரம்மாவும் சிரித்தார்கள். தூக்குவாளியைத் திறந்தேன். வாசனை வந்ததும் தனபாக்கியம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "எங்கொல்ல கொத்தவரை" என்றார்கள். தட்டை இழுத்துவைத்துக்கொண்டார்கள்.

அப்போது நர்ஸம்மா வந்தார். "என்ன அது? வத்தக்குழம்பா? இவங்களுக்கு உப்பே கூடாதுன்னு சொல்லியிருக்கே, அவரு உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, "இல்லன்னு சொல்லுங்க தம்பி" என்றார்கள். சத்தமே வரவில்லை. அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. குழம்பில் நான் உப்புக் கொஞ்சமாகத்தான் போட்டிருந்தேன். உப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு பிடி சாதம் உள்ளே போகும். சாப்பிடாமலே கிடப்பதற்கு அது மேல் இல்லையா என்று மனசு வாதாடியது.

"இருக்குது சிஸ்டர்" என்றேன். "கொழம்புல போடலன்னாலும் வத்தல்லயே ஏறிக்கினு கீது. ஊறவச்சாலும் முழுசா எறங்காது."

நர்ஸம்மா தட்டை எடுத்துக்கொண்டார். அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்கள். நான் போய்வருகிறேன் என்றதற்கும் திரும்பவில்லை. மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். நம் வாயை நம்பித்தான் அவர்கள் தங்கள் வாயைத் திறக்கிறார்கள்.

வெளியே வந்து நர்ஸம்மாவை விடவில்லை. புளி ஆகுமா, எலுமிச்சை ஆகுமா, மிளகு, பூண்டு, வெங்காயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "எல்லாம் குடுக்கலாம்யா. உப்பு மட்டும்தான் வேணாம்" என்றார்.

திரும்பி வந்தபோது மாயவரத்தார் விழித்து உட்கார்ந்திருந்தார். கண் தெளிந்திருந்தது.

"சாப்ட்டாளா?"

"இல்ல சார்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். நான் நினைத்ததுபோல அவர் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். கை நடுங்கவில்லை, அதை மட்டும் பார்த்துவைத்துக்கொண்டேன்.

அவர் அடுத்து வருவதற்குள் உப்பில்லாமல் சமைத்துப் பார்த்தேன். தின்று பார்த்த காசி துப்பிவிட்டு, "மாட்டுக்கு வச்சாலும் மொறைக்கும்" என்றான். நான் வைத்திருந்த வத்தல் எல்லாவற்றிலும் மரக்காணம் குடியேறியிருந்தது. அப்போதுதான் தலைக்கு மேலே தொங்கிய கொத்து கண்ணில் பட்டது. உப்பே படாத அவரைக்கொட்டை. அதே தோட்டத்து அவரை. இறக்கி உரித்தேன். எல்லாவற்றையும் ஊறப்போடக் கை போனது, ஏனோ நின்றது. பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திரும்ப உத்தரத்தில் கட்டிவிட்டேன். ஊறிய கொட்டையை வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் சிவக்க வதக்கி, மிளகு பொடித்துப் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்தேன். காசி இந்த முறை துப்பவில்லை, அதோடு சரி.

இரண்டாம் தடவை போனபோது அக்கா முகம் கொடுக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து நீட்டினேன். பார்த்தவர்கள் விறுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்கள்.

"வெதையவா ஆக்கிட்டீங்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது.

"எங்கம்மா வீட்டு அவரைங்க தம்பி அது. கல்யாணத்தப்ப முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தேன். இந்த வருஷம் நா படுத்துட்டேன். தண்ணி ஊத்த ஆளில்லாம கொடி காஞ்சுபோச்சு, வீட்ல ஒரு கொட்ட இல்ல. மாயவரம் முழுக்கத் தேடுனாலும் கிடைக்காது. அத போயி கொழம்பு வச்சுட்டீங்களே!"

"பாதிய வச்சிருக்கேங்க்கா" என்றேன். "அடுப்புக்கு மேல தொங்கிக்கினு கீது."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அக்கா தட்டைப் பக்கத்தில் இழுத்தார்கள். ஒரு கொட்டையை எடுத்து விரலால் நசுக்கினார்கள். "ஆக்குனது ஆக்கியாச்சு. இத வீணாக்குனா எங்கம்மா ஆவி என்னைச் சும்மா விடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே பிசைந்து சாப்பிட்டார்கள். மெதுவாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு கொட்டை விடாமல். பசியில் சாப்பிடவில்லை, ருசியிலும் சாப்பிடவில்லை. தன் விதை வீணாகக் கூடாது என்று சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"உப்பே போடாமக்கூட உங்க கைக்கு உப்பாத்தான் இருக்கு தம்பி" என்றார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அதில் என்ன வெட்கம்?

"ஆடி வந்துருச்சு. மிச்சத்த ஆக்காதீங்க, ஊனுங்க" என்றார்கள்.

மாயவரத்து வீட்டில் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. அதனால் ரன்னிங் ரூம் வேலியோரம் ஊன்றினேன். மாயவரத்தார் வரும் நாளெல்லாம் அவர் தூங்குவார், நானோ காசியோ பாண்டிக்குப் போவோம். முதலில் அக்கா கேட்பது, "மொளச்சுதா?" என்றுதான். இலை விட்டது, கொடி பிடித்தது, வேலி ஏறியது என்று சொல்லச் சொல்ல, கொண்டுபோனதைச் சாப்பிட்டார்கள். வீக்கம் வடிந்தது. கொடி பூ வைக்கிற சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்கழியில் வேலி தெரியாமல் காய்த்தது. அங்கேதான் ஒரு பேஜாரு. இது யார் பையிலும் வராத காய். யார் பாத்திரத்தில் போடுவது? காட்பாடி லைன் கார்டு ஒருவர், "இது ரயில்வே வேலியில காச்சது, அப்ப எல்லாருக்கும் சொந்தம்" என்று சட்டம் பேசினார். மாயவரத்தாரோ, "எனக்கு மட்டும்னு வேணாம் மாஸ்டர்" என்றுவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பரணிலிருந்த பெரிய குண்டானை இறக்கி மொத்தமாகக் கூட்டு வைத்தேன். யாராவது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பரிமாறினேன். அந்த ரன்னிங் ரூமில் எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டவர்கள்தான் அதிகம்.

அன்று உப்பைக் கையில் எடுத்தவன் நிறுத்தி, ஒரு கரண்டி தனியாக எடுத்துவைத்தேன். அக்கா மாதாமாதம் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் பாண்டிக்கு வருவார்கள். விழுப்புரத்தில் வண்டி மாறக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்துக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்றைக்கு வருவார்கள் என்று சரியாகத் தெரியாது. அதனால் கூட்டோ குழம்போ, எது வைத்தாலும் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி எடுத்துவைப்பது வழக்கமாகிவிட்டது. சில வருஷம் அப்படி ஓடியது.

வழக்கம் ஆன பிறகு இன்னொன்று நடந்தது. ஓய்வு பெறப்போகிற ஒரு கார்டு ஒருநாள் ஜன்னலண்டை வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்த உப்பில்லாதது கொஞ்சம் இருக்கா?" என்றார். பிறகு இன்னொருவர் வந்தார். பிரஷர் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு வெட்கம். நானும் கேட்டதில்லை.

ஒரு தை மாதம் கிண்ணத்தோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். மாயவரம் வண்டி வந்தது. மாயவரத்தார் தனியாக இறங்கினார். மொட்டையடித்திருந்தார். கையில் அந்தப் பை. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் என் கண் அவருக்குப் பின்னால் அந்தப் பெட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போயிட்டா மாஸ்டர்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "அவளுக்குக் கொண்டாந்ததா?" என்று வாங்கிக்கொண்டார். உப்பில்லாத அந்த அவரைக் கூட்டை வழித்து வழித்து, கடைசிவரை சாப்பிட்டார். நான் உப்பு கொண்டுவரட்டுமா என்று கேட்கவில்லை.

"அவ சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார். "நெசந்தான்யா. போடாமயே உப்பாத்தான் இருக்கு."

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை என் மடியில் வைத்தார். உள்ளே வாழையிலையில் சுற்றி, முற்றிக் காய்ந்த அவரைக்காய் ஒரு கொத்து. காம்பு கிள்ளியிருந்தது.

இப்போது உங்கள் சமையலறையில் எல்லோருக்கும் ஒரே குண்டான்தான், நல்லது. ஒன்று மட்டும் செய்யுங்கள். உப்பைப் போடும் முன் ஒரு கரண்டி தனியாக எடுத்துவையுங்கள். யாருக்கு என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்பார். வருவார்கள் என்று சொல்லுங்கள்.